எழுத்துக்கூட்டாமல் வாசிக்க: எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மாலையில் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வாய்விட்டு வாசிக்க வருகிறார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஏற்காட்டுக்குப் போய், அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளோடும் உட்காருவேன். பெற்றோரும் சக ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

“ஒன்பதாவது வந்துட்டான், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். இனிமே வருமுங்களா டீச்சர்?”

வரும். என் திண்ணைக்கு வருகிறவர்கள் எல்லாருமே பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்கள்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இல்லாத ஒரு பலம் இவர்களுக்கு உண்டு. பேச்சுத் தமிழ் முழுசாகக் கைவசம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தின் முன்பாதியைக் கேட்டாலே பின்பாதி எப்படிப் போகும் என்று ஊகிக்கத் தெரியும். எழுத்தைப் பார்த்ததும் ஒலி வாயில் வந்து விழுகிற பழக்கம்தான் பாக்கி. பழக்கம் என்பதால் அது பயிற்சியில் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது இந்த வகுப்புகளில் இருக்கிறவர்கள் கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள். சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு நகர வேண்டிய வயது அப்படியே வீட்டில் கழிந்தது. 2022இல் அரசு, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியபோது இவர்கள் அந்த வகுப்புகளைத் தாண்டிவிட்டார்கள். இது பிள்ளையின் சோம்பேறித்தனம் இல்லை, நீங்கள் வளர்த்த விதமும் இல்லை. முதலில் இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

“சரளமா வாசிக்கிறதுன்னா வேகமா வாசிக்கிறதுதானே?”

வேகம் அதில் ஒரு பங்குதான். சொல்லைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும், தட்டுத்தடுமாறாமல் ஓட வேண்டும், பொருள் விளங்குகிற மாதிரி நிறுத்தி, ஏற்றி இறக்கிச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம்.

‘அவள் அக்கா வீட்டுக்குப் போனாள்.’ இதில் ‘அவள்’ என்றதும் நிறுத்தினால், அவள் தன் அக்காவின் வீட்டுக்குப் போனாள். ‘அவள் அக்கா’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டு நிறுத்தினால், போனது அக்கா. ஓர் எழுத்துகூட மாறவில்லை, போன ஆள் மாறிவிட்டாள். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த பிள்ளைக்கு வாக்கியம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

“மனசுக்குள்ளயே படிச்சாப் போதாதா? பரீட்சையில யாரு சத்தமாப் படிக்கச் சொல்றாங்க?”

கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் மௌன வாசிப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மனசுக்குள் படிக்கும்போது கடினமான சொற்களைத் தாண்டிக் குதித்துவிடும். எதைத் தாண்டியது என்று நமக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. வாய்விட்டு வாசித்தால் தடுக்குகிற இடம் காதில் விழும். 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும், ஒருவர் கூட இருந்து வழிகாட்ட வாய்விட்டு வாசிப்பது பலன் தருகிறது என்றது. தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கச் சொல்வதற்கு அந்த அளவு சான்று கிடைக்கவில்லை என்றும் அதில் இருக்கிறது.

பரீட்சைக்கும் இது வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடம் தருகிறார்கள். சரளமாக வாசிக்கிற பிள்ளை அதற்குள் எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்துவிடும். எழுத்துக்கூட்டுகிற பிள்ளை இரண்டாம் பக்கத்தையே தாண்டியிருக்காது. பதில் தெரிந்தும் கேள்வி புரியாமல் விட்ட இடங்களை விடைத்தாள்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

“எங்க தடுமாறுறாள்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

அவள் இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதே பத்தி உங்கள் கையிலும் இருக்கட்டும். குறுக்கே பேசாமல், தடுக்கிய சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டு வாருங்கள். முடிந்ததும் கோடுகளைப் பாருங்கள்.

கெ, கே, கொ, கோ மாதிரி எழுத்துகளில் கோடு விழுந்திருந்தால் சிக்கல் எழுத்திலேயே இருக்கிறது. நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால்தான் வரும். ‘கொடு’ என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. ‘பெட்டி’யைப் ‘பேட்டி’ என்றும் ‘கோடு’ என்பதைக் ‘கொடு’ என்றும் வாசிக்கிற பிள்ளை ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்துப் பார்க்கவில்லை. கு, சு, டு, து என்று உகர வரிசையில் வடிவம் ஆளுக்கொரு விதமாக இருக்கும், அங்கேயும் தடுக்கும். அதற்காக 247 எழுத்தையும் முதலிலிருந்து எழுத வைக்காதீர்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய அவமானம். தடுக்குகிற வரிசையை மட்டும் எடுத்து, இரண்டு வாரம் தினமும் ஐந்து நிமிடம் சொல்ல வைத்தால் போதும்.

எழுத்தெல்லாம் சரி, நீளமான சொற்களில் மட்டும் கோடு என்றால் சிக்கல் சொல் அளவில். கோடே அதிகமில்லை, ஆனால் ஜவ்வரிசி கொட்டின மாதிரி ஒவ்வொரு சொல்லும் ஒட்டாமல் தனித்தனியாக விழுகிறது என்றால் சிக்கல் தொடரில். மூன்றுக்கும் மருந்து வேறு.

“ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை படிக்கணும்? நெட்ல 150னு போட்டிருக்கு.”

அது ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு. எட்டாம் வகுப்பு முடிவில் நடுத்தரமாக வாசிக்கும் அமெரிக்கப் பிள்ளைக்கு ஏறக்குறைய அந்த அளவு சொல்வார்கள். தமிழுக்கு அதை அப்படியே வைக்க முடியாது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது நமக்கு ஒரே சொல், எழுத்து 17. இதை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும்.

பிள்ளையின் பழைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். என் நோட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்றே கட்டங்கள்: தேதி, பத்தியை முடிக்க ஆன நேரம், பிழை எத்தனை. வாரம் ஒருமுறை, அதே நீளமுள்ள புதுப் பத்தி. மூன்று நிமிடம் இரண்டரை ஆனால் முன்னேற்றம். நேரம் குறையாமல் பிழை பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கு வந்தால் அதுவும் முன்னேற்றம்தான். என்னைக் கேட்டால் அதுதான் பெரிது.

“வீட்ல தினமும் என்ன பண்ணணும்? சுருக்கமாச் சொல்லுங்க.”

15 நிமிடம் போதும், ஆனால் வாரத்தில் ஐந்து நாளாவது வேண்டும். 60 முதல் 80 சொல் உள்ள ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிள்ளையின் கண் வரியோடு வரட்டும். இரண்டாவது முறை இருவரும் சேர்ந்து. உங்கள் குரல் ஒரு துளி முன்னால் போகட்டும், தெரியாத சொல் வரும்போது பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். மூன்றாவது முறை பிள்ளை மட்டும். நான்காவது முறையும் பிள்ளை மட்டும், இந்தமுறை கடிகாரத்தோடு. மறுநாள் நேற்றைய பத்தியை ஒருமுறை வாசித்துவிட்டுப் புதியதற்குப் போகலாம். இது நான் கண்டுபிடித்ததில்லை. ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் எழுதிய மறுவாசிப்பு முறையோடு, முதலில் கேட்பதையும் சேர்ந்து வாசிப்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. முதல் நாள் ஆட்காட்டி விரலை ஒவ்வோர் எழுத்தின் மேலும் வைத்து அழுத்தினான், விரல் எழுத்தையே மறைத்தது. ‘ப… பட்… பட்ட… பட்டறை’ என்று வருவதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. விரலை எடுக்கச் சொல்லி, வரிக்கு அடியில் ஒரு ஸ்கேலை வைத்தேன். நான்காவது முறை ‘பட்டறையில் வெள்ளி உருகும்போது’ என்ற மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பத்தி அவன் அப்பாவின் வேலையைப் பற்றி நானே எழுதியது. முடித்ததும், “டீச்சர், உருக்கினதும் நேரா கொலுசு ஆயிடாதுங்க, கம்பி இழுக்கணும்” என்று என்னைத் திருத்தினான். படித்தது புரிந்தால்தானே திருத்த முடியும்!

“ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிச்சா மனப்பாடம் ஆயிடாதா?”

கொஞ்சம் ஆகும். சந்தேகம் வந்தால் பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேளுங்கள், அல்லது கடைசி வாக்கியத்திலிருந்து மேலே வரச் சொல்லுங்கள். மனப்பாடமாகச் சொல்லியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். உண்மையான பலன் அடுத்த பத்தியில் தெரியும். ‘என்றாலும்’, ‘ஆகையால்’, ‘இருந்தபோதிலும்’ மாதிரி சொற்கள் எல்லாப் பாடத்திலும் வரும். ஓரிடத்தில் பழகியவை மற்ற இடத்தில் தடுக்காது.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. 1935இல் தொடங்கிய அந்த சினிமா ஸ்டூடியோவில் ஒரே வசனத்தை எத்தனை முறை ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். திரும்பப் படிப்பது மக்குப் பிள்ளைக்குக் கொடுக்கும் தண்டனை என்ற எண்ணம் அதில் போய்விடுகிறது.

“தப்பாப் படிச்சா உடனே திருத்தலாமா?”

மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். பல சமயம் பிள்ளையே திரும்பிப் போய்ச் சரியாகச் சொல்லும். தானே திருத்திக்கொண்டதைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வராவிட்டால் சொல்லை முழுசாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். ‘நேத்துதானே சொன்னேன், யோசி’ என்று நிற்க வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் பிள்ளை யோசிப்பது சொல்லைப் பற்றி இல்லை, உங்கள் முகத்தைப் பற்றி.

“எனக்கே படிக்க வராதுங்க. நான் எப்படிச் சொல்லித் தருவேன்?”

இதைக் கேட்காத வாரமில்லை. முதல் முறை வாசித்துக் காட்டுவதற்கு அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டுப் பெண் யாராவது போதும். இல்லையென்றால் ஆசிரியரிடம் ஒரு பத்தியை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். போனை அருகில் வைத்துக்கொண்டு அந்தக் குரலோடு பிள்ளை வாசிக்கட்டும்.

கேட்கிற வேலை உங்களுடையது. கையில் புத்தகம் இல்லாமல் காதால் மட்டும் கேட்கிறீர்கள் என்பதால், புரிகிற மாதிரி வாசிக்கிறானா என்று சொல்ல உங்களைவிடச் சரியான ஆள் கிடையாது. பொன்னம்மாப்பேட்டையில் ஓர் அம்மா பூக் கட்டிக்கொண்டே மகன் வாசிப்பதைக் கேட்பார். ஒருநாள் கையை நிறுத்தி, “இரு கண்ணு, இப்போ பேசினது மாமனா, மருமகனா?” என்று கேட்டாராம். பையன் முந்தின வரிக்குப் போய், இரண்டு குரலில் வாசித்துக் காட்டினான். ஏற்ற இறக்கம் பற்றி நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவனுக்குப் பிடிபட்டது.

“சின்னச் சொல் எல்லாம் படிச்சிடுறாள். நீளமா வந்தா அப்படியே நின்னுடுறாள்.”

தமிழில் சொல்லின் நீளம் பெரும்பாலும் வாலில்தான் இருக்கும். ‘மாந்தோப்புகளிலிருந்தும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு அட்டையால் பின்பாதியை மூடி ‘மாந்தோப்பு’ மட்டும் தெரியும்படி வையுங்கள். அப்புறம் அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அவள் வாயில் மாந்தோப்புகள், மாந்தோப்புகளில், மாந்தோப்புகளிலிருந்து, மாந்தோப்புகளிலிருந்தும் என்று சொல் வளரும்.

வால்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ‘-களுக்கு’, ‘-இலிருந்து’, ‘-கொண்டிருந்த’, ‘-வேண்டியிருக்கிறது’ என்று பத்துப் பன்னிரண்டை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கண் அவற்றை ஒரே படமாகப் பிடிக்கப் பழகிவிட்டால், பிறகு தலையை மட்டும் கூட்டினால் போதும்.

“எங்க நிறுத்தறதுன்னே தெரியல. வரி முடியற இடத்துல நிறுத்தறான்.”

முதல் இரண்டு வாரம் பென்சிலால் சாய்கோடு போட்டுக் கொடுங்கள். ‘மழை விட்டதும் / ஏற்காட்டிலிருந்து இறங்கிய பேருந்து / அடிவாரத்தில் நின்றபோது / இறங்கியவர்களைவிட / ஏறக் காத்திருந்தவர்களே அதிகம்.’ கோடு வரும்வரை மூச்சு விடக் கூடாது என்பதுதான் விளையாட்டு. மூன்றாம் வாரம் கோடு போடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

தமிழில் நமக்கு ஒரு கூடுதல் உதவி இருக்கிறது. ‘ஏறக் காத்திருந்த’ என்பதில் அந்த ‘க்’ அடுத்த சொல்லோடு கைகோத்து நிற்கிறது. ‘பள்ளிக்குச் சென்று’, ‘வீட்டுக்குப் போனாள்’ என்பவையும் அப்படித்தான். சொல்லின் கடைசியில் இப்படி ஒட்டிவந்த க், ச், த், ப் கண்ணில் பட்டால் அங்கே நிறுத்தாமல் அடுத்த சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வல்லினம் மிகும் இடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

“மழையை ‘மளை’ன்னு படிக்கிறான். இதையும் தப்புக் கணக்குல சேர்க்கணுமா?”

சேர்க்காதீர்கள். அது வீட்டுப் பேச்சின் ஒலி. சொல்லை அடையாளம் கண்டுவிட்டான், பொருளும் தெரியும். சரளம் வந்தபிறகு மலை, மழை; கிளி, கிழி என்று இணைகளாகத் தனியாகப் பழக்கலாம். வாசிப்பின் நடுவில் நிறுத்தி நாக்கை மடிக்கச் சொன்னால் இரண்டும் கெடும்.

“நாங்க வீட்ல சௌராஷ்டிரம் பேசுறோம். அதனாலதான் தமிழ் வரலையோ?”

அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்வி வரும். தெலுங்கு, கன்னடம் பேசுகிற வீடுகளிலும் வரும். வீட்டு மொழியை விட வேண்டாம். தெருவிலும் பள்ளியிலும் தமிழ் பேசுகிற பிள்ளைதான் அது. எழுத்துத் தமிழ் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் பாதி அந்நியம்தான். ‘போய்ட்டு வந்துட்டேன்’ என்று பேசுகிறவர்கள் ‘சென்றுவந்தேன்’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டில் இதை இன்னும் நன்றாகப் பார்த்தேன். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பேசுவது தமிழ்தான். பேரைப் பார்த்துக் கேரளத்து மொழி என்று நினைக்க வேண்டாம். நாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி காப்பிப் பழம் பறிப்பதைப் பற்றிய பத்தியை முதல் முறையே தடங்கலில்லாமல் வாசித்தாள். அடுத்த பத்தியில் ‘துறைமுகம்’ வந்தது. நான்கு முறையும் அங்கே தடுக்கினாள். எழுத்து தெரியாமல் இல்லை, அந்தச் சொல் அவள் காதில் விழுந்ததே இல்லை. போனில் ஒரு துறைமுகத்தின் படத்தைக் காட்டிக் கப்பலைப் பற்றிப் பேசினோம். ஐந்தாவது முறை நிற்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பத்திக்கும் முன்னால், புதிதாக இருக்கும் ஐந்து சொல்லைப் பேசிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

“எங்க கிளாஸ்ல நாப்பது பேர். ஒவ்வொருத்தரையா படிக்க வைக்க முடியுமா மேடம்?”

சக ஆசிரியர்களின் கேள்வி இது. 40 நிமிடப் பாடவேளையில் 40 பேர் முறைவைத்து வாசித்தால் ஒருவருக்கு ஒரு நிமிடம். மீதி 39 நிமிடம், தன் முறை எந்த வரியில் வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் போய்விடும். இந்த முறையை நான் பல வருடம் செய்தவள். இப்போது விட்டுவிட்டேன்.

பாடத்தின் தொடக்கத்தில் நான் ஒரு பத்தியை வாசிக்கிறேன். பிறகு வகுப்பே சேர்ந்து ஒருமுறை. அப்புறம் இரண்டிரண்டு பேராக 10 நிமிடம்: ஒருவர் வாசிக்க மற்றவர் பென்சிலோடு கேட்பார், பாதியில் மாற்றிக்கொள்வார்கள். ஆளுக்கு 5 நிமிட வாசிப்பு கிடைத்துவிடுகிறது. ரொம்ப நன்றாக வாசிப்பவரை ரொம்பத் தடுமாறுபவரோடு சேர்க்காதீர்கள், இருவருக்கும் அலுப்பு. ஓரளவு வாசிப்பவரோடு தடுமாறுபவரைச் சேருங்கள். சத்தம் வரும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

“எழுந்து படிக்கச் சொன்னா அழுதுடுறாள். என்ன பண்ண?”

எழுந்து படிக்கச் சொல்லாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் எனக்கு முக்கியமான பதில் இதுதான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாற்பது பேர் முன்னால் தடுமாறுவதைப் போலக் கொடுமை வேறில்லை. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், அடுத்த வாரம் வயிற்றுவலி என்று லீவு போடும். அப்புறம் புத்தகத்தையே தொடாது. வாசிக்க வராத பெரிய பிள்ளைகள் பலருக்கும் இப்படி ஒரு நாள் நினைவில் இருக்கிறது. கேட்டால் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்றுகூடச் சொல்கிறார்கள்.

அவளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். முன்கூட்டியே சொல்லாமல் அவளை வகுப்பில் கூப்பிடுவதில்லை. திங்கட்கிழமை எந்தப் பத்தி என்று வெள்ளிக்கிழமையே அவளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன நான்கு முறை வாசிப்பை வீட்டில் முடித்துவிட்டு வருவாள். முதலில் இரண்டு வரி போதும். உட்கார்ந்தபடியே வாசிக்கட்டும்.

“எதைப் படிக்க வைக்கிறது? பாடப்புத்தகமே போதுமா?”

பாடப்புத்தகத்தில் எளிய உரைநடைப் பகுதிகளை மட்டும் எடுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பத்தி இப்போதைக்கு வேண்டாம். பள்ளியில் கிடைக்கிற ‘தேன்சிட்டு’ இதழ் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்கென்றே வருகிறது. அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக இருக்கும். பெரிய பிள்ளைகள் ‘நுழை’ புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூசுவார்கள். அதற்கு ஒரு வழி: ‘ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ வாசித்துக் காட்ட வேண்டும், ஒத்திகை பார்’ என்று கொடுங்கள். அதே புத்தகம்தான், இப்போது கூச்சம் இல்லை. இணையத்தில் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன.

தினசரியின் விளையாட்டுப் பக்கம் பையன்களிடம் நன்றாக எடுபடுகிறது. தாத்தாவின் பழைய புத்தகங்களை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். தடுமாறுகிற பிள்ளைக்கு அது இன்னொரு முட்டுக்கட்டை.

“இங்கிலீஷும் இப்படித்தான் இருக்கான். ரெண்டையும் சேர்த்துப் பண்ணலாமா?”

முதல் மூன்று மாதம் தமிழ் மட்டும். தெரிந்த மொழியில் ‘என்னால் முடியும்’ என்று ஒருமுறை வந்துவிட்டால் ஆங்கிலத்தில் பயம் பாதியாகிவிடும். அப்புறம் அதே நான்கு முறை வாசிப்புதான், பத்தி மட்டும் இன்னும் சின்னதாக. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் பல இடத்தில் ஒத்துப்போகாது என்பதால் முதலில் காதால் கேட்பதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

“கடகடன்னு படிக்கிறான். என்னடா படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான்.”

இரண்டு காரணம் இருக்கலாம். மனித கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்தை ஒலியாக்குவதிலேயே அது தீர்ந்துவிட்டால் பொருளுக்கு மிச்சமிருக்காது. லபெர்ஜ் என்ற ஆய்வாளரும் மேலே சொன்ன சாமுவேல்ஸும் 1974இல் சொன்ன விளக்கம் இது. வேகத்துக்காக முக்கி வாசிக்கிற பிள்ளைக்கும் இதேதான் நடக்கிறது. கடிகாரத்தை ஒரு மாதம் எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் ‘தம்பிக்குச் சொல்ற மாதிரி சொல்லு’ என்று பேச்சுத் தமிழில் சொல்ல வையுங்கள்.

நிதானமாக, பிழையில்லாமல், சரியான இடத்தில் நிறுத்தி வாசித்தும் புரியவில்லை என்றால் குறை வாசிப்பில் இல்லை, சொல்வளத்தில். துறைமுகத்தைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள்.

“இது டிஸ்லெக்சியாவா இருக்குமோ?”

டிஸ்லெக்சியா என்பது எழுத்தை வாசிப்பதில் வரும் ஒரு கற்றல் குறைபாடு. அதற்கு முன் கண்ணைப் பாருங்கள். ஒரு பெண்ணோடு இரண்டு மாதம் உழைத்தபிறகுதான் அவள் புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிப்பதைக் கவனித்தேன். கண்ணாடி போட்ட வாரமே வாசிப்பு மாறியது. அந்த இரண்டு மாதம் அவளைச் சிரமப்படுத்தியது இன்றும் எனக்கு வருத்தம்தான். இப்போது யார் வந்தாலும் கண், காது பரிசோதனை முடிந்ததா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அதுவும் சரி, தினமும் பயிற்சி செய்தும் மூன்று, நான்கு மாதத்தில் அசைவே இல்லை, சின்ன வயதிலிருந்தே எழுத்து குழம்புகிறது, ஆனால் பேச்சிலும் புத்தியிலும் குறைவில்லை என்றால் பரிசோதித்துவிடுவது நல்லது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். பள்ளித் தலைமையாசிரியரும் வழிகாட்டுவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புத் தொடங்கும்போதே இதைக் கவனியுங்கள், தேர்வு நெருங்கியபின் ஓட வேண்டாம்.

“பத்தாவது. பப்ளிக்குக்கு நாலு மாசம்தான் இருக்கு. இப்போ ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம்?”

நான்கு மாதம் என்றால் வாரம் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய 80 நாள் கையில் இருக்கிறது. பத்தியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கதைக்குப் பதிலாகப் பழைய வினாத்தாள்களை வாய்விட்டு வாசிக்க வையுங்கள். ‘விவரி’, ‘வேறுபடுத்துக’, ‘சான்றுடன் விளக்குக’, ‘இடஞ்சுட்டிப் பொருள் தருக’ என்று கேள்வியில் வரும் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவைதான். சமூக அறிவியல், அறிவியல் வினாத்தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடம் படிக்கும் நேரத்தை இது தின்றுவிடாது, இதுவும் பாடம்தான்.

“எப்போ போதும்னு நிறுத்தலாம்?”

முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் புத்தகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பூக் கட்டுகிற அந்த அம்மாவைப் போல. யார் பேசினார்கள், எங்கே நடந்தது, அடுத்து என்ன என்று எதையும் திரும்பக் கேட்காமல் உங்களுக்குப் புரிந்தால் நேரம் பார்ப்பதையும் பிழை எண்ணுவதையும் நிறுத்திவிடலாம். நோட்டைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அது அடிக்கடி புரட்டிப் பார்த்துக்கொள்ளும்.